குங்குமப்பூ போட்டாலும் அது பீர்தான்

போன வாரமும் ஒருவர் வந்தார். வயது 45, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு, உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துச் சர்க்கரையை இறக்குகிற கிளிமெபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறவர். சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டில், பழங்காலப் பக்குவம் என்று சொல்லி விற்கிற, தேனும் குங்குமப்பூவும் போட்ட பீர் இரண்டு பாட்டில் குடித்திருக்கிறார். தொட்டுக்கொள்ள ஒரு கை வறுகடலை, அவ்வளவுதான், சாப்பாடு இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு பனியன் நனைய வேர்த்து, நாக்குக் குழற ஏதோ உளறியிருக்கிறார். மனைவி போதை என்று நினைத்துப் போர்த்திவிட்டுப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தொட்டால் சில்லென்று இருக்க, பயந்துபோய் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறார். 46. குறைந்தது 70 இருக்க வேண்டும். இந்த வருஷம் நான் பார்க்கிற மூன்றாவது ஆள் இவர்.

"டாக்டர், அது சாதாரண பீர் இல்லையே, மருந்துச் சாமான் போட்டதுதானே?" என்கிறார்.

மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். சரி, அந்தப் 'பழங்காலம்' என்ன என்று பார்ப்போம். துருக்கியில் கோர்டியன் என்ற இடத்தில், மிடாஸ் மன்னனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லறையை 1957இல், நான் வேலை பார்க்கிற இதே ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் அருங்காட்சியகத்தார் தோண்டினார்கள். சுமார் 2700 வருஷப் பழசு. உள்ளே 150க்கும் மேற்பட்ட வெண்கலப் பாத்திரங்கள். அவற்றின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததை, பழங்காலப் பானங்களை ஆராய்கிற பேட்ரிக் மெக்கவர்ன் ஆராய்ந்தபோது திராட்சை, பார்லி, தேன் மூன்றுக்கும் தடயம் கிடைத்தது. குங்குமப்பூவுக்குக் கிடைக்கவில்லை! கசப்புக்கு இதைப் போட்டிருக்கலாம் என்பது பின்னால் வந்த ஊகம். அதை வைத்து டெலவேரில் டாக்ஃபிஷ் ஹெட் என்ற பீர் ஆலைக்காரர்கள் மிடாஸ் டச் என்று ஒரு பீர் காய்ச்சினார்கள். நானும் குடித்துப் பார்த்திருக்கிறேன். பொன் நிறம், மூக்கருகே கொண்டுபோனதும் தேன் வாசம், வாயில் பச்சைத் திராட்சை, விழுங்கிய பிறகு உதட்டில் லேசாக ஒட்டுகிற இனிப்பு. கசப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. அருமையான பீர், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அது மருந்து இல்லை. ஒரு பாட்டிலில் விழுகிற சிட்டிகைக் குங்குமப்பூ உங்கள் சர்க்கரைக்கு எதுவும் செய்யாது, அதிலுள்ள 9 சதவீத ஆல்கஹால்தான் செய்யும்.

அந்த 9ஐ யாரும் பார்ப்பதில்லை. 355 மில்லி பாட்டிலில் 5 சதவீத பீர் என்றால் சுமார் 14 கிராம் ஆல்கஹால், 9 சதவீதம் என்றால் 25 கிராம். இரண்டு பாட்டில்தான் என்று சொன்னவர் உண்மையில் ஏறக்குறைய நாலு குடித்திருக்கிறார். கசக்காததால் 'லைட்' என்று நாக்கு நம்பிவிடுகிறது.

இனிப்பாக இருக்கிறதே, சர்க்கரை ஏறத்தானே செய்யும் என்று இன்னொரு கேள்வி. முதலில் ஏறலாம். அப்புறம் கல்லீரல் ரத்தத்துக்குச் சர்க்கரை தருவதைக் குறைத்துவிட்டு ஆல்கஹாலைக் கவனிக்கப் போய்விடும், ஆனால் கிளிமெபிரைடு சர்க்கரையை இறக்குகிற தன் வேலையை நிறுத்தாது. தூக்கத்தில் இறங்குவது இப்படித்தான். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

குடிக்கவே குடிக்காதே என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, என்னிடம் மறைப்பீர்கள். ஆகவே இதையாவது செய்யுங்கள். லேபிளில் சதவீதத்தைப் படியுங்கள். வெறும் வயிற்றில் தொடாதீர்கள், கடலை சாப்பாடு ஆகாது. ஒன்றோடு நிறுத்துங்கள். படுக்கும் முன் சர்க்கரை பாருங்கள், மறுநாள் காலையிலும் பாருங்கள். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாவிட்டால் எங்களுக்கு ஒரு போன் செய்து கேளுங்கள், தயவுசெய்து.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு: குடித்த சர்க்கரைக்காரர் வேர்த்து உளறினால் போதை என்று விட்டுவிடாதீர்கள், உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால் அரை கப் ஜூஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். எழுப்பினாலும் எழவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழையுங்கள். சர்க்கரையை ஏற்றுகிற குளுகோகான் ஊசி கையில் இருந்தால் போடுங்கள், ஆனால் குடித்தவருக்கு அது சரியாக வேலை செய்யாமல் போகலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.