கமடோர் 64-க்கு எந்த டிரைவ்? முதலில் வோல்ட்டைப் பாருங்கள்

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64-க்கு ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டு கருவி எதை வாங்கலாம்? நான் பதிலுக்கு முதலில் கேட்பது, பவர் சப்ளை எது என்றுதான்.

கூடவே வந்த அந்தக் கனமான பழைய அடாப்டர் என்றால் ஜாக்கிரதை. அதற்குள் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் வோல்ட் ஏறிவிடும், ரேம் சிப்கள் போய்விடும், நீங்கள் ஆசையாக மாட்டிய புதுக் கருவிக்கும் அதே கதிதான். மல்டிமீட்டரில் 5.25-ஐத் தாண்டினால் மாட்டவே மாட்டாதீர்கள். இன்று சரியாகக் காட்டுகிறதே என்று நம்பவும் முடியாது, சூடேறிய பிறகு புத்தி மாறும். புது சப்ளை வாங்கிவிடுவதே நல்லது.

சரி, இப்போது கருவி. கமடோரின் ஃபிளாப்பி டிரைவான 1541 வெறும் டிரைவ் இல்லை, சொந்தமாக 6502 பிராசஸரும் 2 கேபி ரேமும் வைத்திருக்கும் தனிக் கம்ப்யூட்டர். பல கேம்கள் வேகமாக லோட் ஆவதற்காகத் தங்கள் சொந்தப் புரோகிராமையே அதற்குள் அனுப்பி ஓட்டும்; இவைதான் ஃபாஸ்ட் லோடர்கள். எஸ்டி கார்டு கருவிகளில் ஒன்றான எஸ்டி2ஐஇசி-யில் அந்த 6502 கிடையாது. பிரபலமான சில ஃபாஸ்ட் லோடர்களை மட்டும் அடையாளம் கண்டு சமாளிக்கும். அதனால் டைரக்டரி (ஃபைல் பட்டியல்) அழகாக வரும், கேம் பாதியில் நின்றுவிடும். இதைப் பார்த்து மெஷின் போச்சு என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடும் பை1541 புரோகிராம் அந்த டிரைவை முழுதாகவே நடிக்கும், காப்பி புரொடெக்‌ஷன் உள்ள டிஸ்க்குகளின் நகலான ஜி64 ஃபைல்களும் ஓடும். ஆனால் பை 3.3 வோல்ட், கமடோர் 5 வோல்ட். நடுவில் இந்த இரண்டு வோல்ட்டையும் ஒத்துப்போக வைக்கும் லெவல் ஷிஃப்டர் உள்ள போர்டு கட்டாயம். கமடோரில் செருகும் அல்டிமேட் 2 பிளஸ் கார்ட்ரிட்ஜும் 1541 போலவே நடிக்கும், மேலே 16 எம்பி வரை கூடுதல் ரேமும் தரும். விலைதான் கசக்கும். டெமோக்களில் (மெஷினின் திறமையைக் காட்டும் இசை, கிராஃபிக்ஸ் புரோகிராம்களில்) ஊறிப்போனவர் என்றால் கொடுக்கலாம், ஒற்றை ஃபைல் கேம்கள் மட்டும் ஆடுகிறவருக்கு வீண் செலவு என்பேன்.

ஏற்கெனவே எஸ்டி2ஐஇசி வாங்கி, கேம் நடுவில் நிற்கிறதா? ஒரே பிஆர்ஜி ஃபைலாக (கமடோர் புரோகிராம் ஃபைல்) இருக்கும் கேம் ஒன்றை லோட் செய்து பாருங்கள். அது ஓடினால் மெஷினை அநேகமாகத் திறக்க வேண்டியிருக்காது.