பழைய படகு வாங்கியவர் பெயருக்கு மாறாமல் நிற்கும் இரண்டு எண்கள்

எனக்குத் தெரிந்த ஒருவர், விடுமுறை நாட்களில் ஓட்டுவதற்காகச் சிறிய பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினார். கேபினைக் கழுவும்போது, சுவரில் மாட்டியிருந்த ஆபத்துக்கால பீக்கனையும் (ஆபத்து நேரத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி) கழற்றி வாளித் தண்ணீரில் துடைத்து வைத்தார். தாங்கியிலிருந்து கழன்று ஈரம் பட்டால் தானாக இயங்கும்படி அந்த வகைக் கருவிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சமிக்ஞை போயிற்று, மீட்பு மையத்திலிருந்து தொலைபேசி அழைப்பும் போயிற்று, ஆனால் அது படகை விற்றவரின் வீட்டுக்குப் போயிற்று. படகைத் தாம் விற்றுவிட்டதாகவும், வாங்கியவரின் எண் தம்மிடம் இல்லை என்றும் அவர் சொன்னார். நண்பர் உண்மையிலேயே கடலில் தத்தளித்திருந்தால், அந்த அழைப்பில் கழிந்த ஒவ்வொரு நிமிடமும் அவருடைய உயிரிலிருந்து கழிந்திருக்கும்.

விதி என்னவோ எளிமையானதுதான். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஒவ்வொரு பீக்கனுக்கும் தனி அடையாள எண் உண்டு. பெரும்பாலான கருவிகளில் அது 15 எழுத்தும் இலக்கமும் கலந்த ஹெக்ஸ் எண்ணாக, மேலட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே உரிமையாளரின் பெயர், படகின் விவரம், அவசரத் தொடர்பு எண்கள் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தனிப் பதிவேடு நடத்தாத பல நாடுகளின் மக்களுக்காக, இந்தச் சமிக்ஞைகளைச் செயற்கைக்கோள்கள் வழியாகப் பெற்றுத் தரும் பன்னாட்டு அமைப்பான காஸ்பாஸ்-சார்சாட்டே கட்டணமில்லாத பன்னாட்டுப் பதிவேடு ஒன்றை இணையத்தில் நடத்துகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. படகின் உரிமைப் பத்திரம் பெயர் மாறிவிட்டால் மற்றவையும் கூடவே மாறிவிடும் என்று வாங்குபவர் இயல்பாகவே நம்புகிறார், ஆனால் மாறுவதில்லை. படகுப் பதிவு ஓர் அலுவலகத்திலும், ரேடியோ உரிமம் வேறோர் அலுவலகத்திலும், பீக்கன் பதிவு மூன்றாவது இடத்திலும் இருப்பது பல நாடுகளில் வழக்கம். ஒன்றில் போய்க் கேட்டால் ‘அது எங்கள் வேலை அல்ல’ என்று சொல்வார்களே தவிர, யாருடைய வேலை என்று சொல்லமாட்டார்கள். சில பதிவேடுகள் பழைய உரிமையாளர் தம் பெயரை நீக்கும் வரை புதியவரின் பெயரை ஏற்பதில்லை. பணம் கைமாறிய பிறகு விற்றவரைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே ஹெக்ஸ் எண்ணையும் ரேடியோவின் எம்எம்எஸ்ஐ எண்ணையும் (ஆபத்துச் செய்தியோடு போகும் படகின் ரேடியோ அடையாள எண்) ஒரு தாளில் எழுதி, இவற்றின் மீது தமக்கு இனி உரிமை இல்லை என்று விற்பவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மேலட்டையைத் தெளிவாகப் படம் எடுத்தும் வையுங்கள், ஏனெனில் 8 என்ற இலக்கத்தையும் B என்ற எழுத்தையும் மாற்றி எழுதிவிட்டால் நீங்கள் பதிவு செய்தது வேறொருவருடைய கருவியாகிவிடக்கூடும்.

நாடு மாறி வந்த படகு என்றால் கூடுதல் கவனம் தேவை. ஹெக்ஸ் எண்ணுக்குள்ளேயே நாட்டின் குறியீடு அடங்கியிருக்கிறது. மீட்பு மையம் தேடுவது அந்த நாட்டின் பதிவேட்டைத்தான். உங்கள் நாட்டுக் குறியீட்டுக்கு அதை மாற்ற வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பவரிடம் கருவியைக் கொடுத்தாக வேண்டும்.

ரேடியோவுக்கு வருவோம். படகுகளில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், சேனல் 70 வழியாக ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணோடு ஆபத்துச் செய்தி போகும். சில நாடுகளில் இந்த எண் படகோடு செல்லும். வேறு சில நாடுகளில் விற்பவர் அதை ரத்து செய்து, வாங்குபவர் புதிதாகப் பெற வேண்டும். அப்படிப் புதிய எண் கிடைத்தாலும், பல கருவிகள் ஓரிரு முறைக்கு மேல் எண்ணை ஏற்காமல் பூட்டிக்கொள்ளும். பிறகு விற்பனையாளரிடம் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். படகின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் சுற்றியுள்ள படகுகளுக்குத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி இருந்தால் அதிலும் அதே எண் ஏற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் தனியார் அமைப்புகள் தரும் எண்கள் உள்நாட்டு நீர்ப்பரப்புக்கு மட்டுமே உரியவை. வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போவதானால் அரசுத் துறையிடம் வேறு எண் வாங்க வேண்டும். கருவிக்கான உரிமமும் அதில் பேசுபவருக்கான சான்றிதழும் பெரும்பாலும் வெவ்வேறு தாள்கள் என்பதால், ஒன்றைக் காட்டினால் மற்றதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு செல்லுங்கள்.

பீக்கன் பதிவுப் படிவத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் அவசரத் தொடர்பு என்ற கட்டம். தம் கைபேசி எண்ணையும், கூடவே படகில் வரும் மனைவியின் அல்லது கணவரின் எண்ணையும் எழுதிவிடுகிறார்கள். படகு கவிழ்ந்தால் அந்த இரண்டு கைபேசிகளும் தண்ணீருக்குள் இருக்கும். கரையில் இருப்பவர், இரவிலும் தொலைபேசியை எடுப்பவர், நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள், எத்தனை பேர், படகின் நிறம் என்ன என்று சொல்லக்கூடியவர் ஒருவருடைய எண் அங்கே இருக்க வேண்டும். அவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விவரம் தெரியாதவர் மோசடி அழைப்பு என்று எண்ணித் துண்டித்துவிடக்கூடும்.

பதிவு ஒருமுறை செய்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பீக்கன் பதிவை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மற்ற இடங்களிலும் தொலைபேசி எண் மாறிய அன்றே திருத்துவதுதான் முறை. பேட்டரியின் காலாவதி நாளையும் அப்போதே பாருங்கள். இடுப்பில் செருகும் பிஎல்பி என்ற சிறிய தனிநபர் பீக்கன் படகுக்கு அல்ல, ஆளுக்குப் பதிவாவது என்பதால், படகோடு சேர்த்து அதையும் விற்றால் அதற்குத் தனியாகப் பெயர் மாற்றம் தேவை.

தவறுதலாகக் கருவி இயங்கிவிட்டால், பயந்து அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. உடனே மீட்பு மையத்தை அழைத்து ஹெக்ஸ் எண்ணைச் சொல்லுங்கள். தேடுவதற்குக் கிளம்பியவர்கள் அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருப்பார்கள். பயன்படாத பழைய பீக்கனைக் குப்பையில் எறியாமல், பேட்டரியைக் கழற்றச் செய்து, பதிவேட்டிலிருந்தும் நீக்கிவிட்ட பிறகே கைவிடுங்கள்.