நீர்த்தேக்கம்: சொல்லும் பொருளும்

சிங்கப்பூரில் தாம்சன் சாலைப் பக்கம் போனால் மெக்ரிட்சி நீர்த்தேக்கம். காலையில் கரையோரப் பாதையில் ஓடுகிறவர்கள், தண்ணீரில் கயாக் ஓட்டும் பிள்ளைகள், கிளைகளில் நீள்வால் குரங்குகள். காட்டுக்குள் நடந்தால் 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் வரும், 2004இல் திறந்தது. இத்தனைக்கும் நடுவே அது ஊருக்குக் குடிநீர் தரும் இடம். நீந்த மட்டும் அனுமதி கிடையாது. பேச்சில் எல்லோரும் 'ரிசர்வாயர்' என்றே சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், தமிழில் எதைச் சொன்னால் சரி?

'ரிசர்வாயர்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் இருப்பது 'காத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினை. பின்னால் தேவைப்படும் என்று எடுத்து வைக்கும் இடம் எதுவானாலும் ரிசர்வாயர்தான். பிரெஞ்சுக்காரர்கள் காரின் பெட்ரோல் டேங்கையும் இதே சொல்லால் குறிப்பார்கள். ஆக, இந்தச் சொல்லுக்குள் தண்ணீரே இல்லை.

தமிழ்ச் சொல்லில் தண்ணீர்தான் முதலில் நிற்கிறது. தேங்கு, தேக்கு இரண்டும் இணை வினைகள். நீங்கு – நீக்கு, அடங்கு – அடக்கு மாதிரி. பள்ளத்தில் தண்ணீர் தானாக நின்றால் தேங்குகிறது. ஒருவர் கரை போட்டு நிறுத்தினால் தேக்குகிறார். நீர்த்தேக்கம் இந்த இரண்டாவது வகை. மனிதர் வேலை அதில் இருக்கிறது.

மெக்ரிட்சியின் கதையும் அப்படித்தான். ஊருக்கு நல்ல தண்ணீர் வர வேண்டும் என்று வணிகர் டான் கிம் செங் 1857இல் 13,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிந்தும், நீரேற்றும் இயந்திரங்களும் குழாய்களும் தயாராக இன்னும் ஏறக்குறைய பத்தாண்டு ஆயின. தேக்கி வைத்தால் மட்டும் போதுமா, வீட்டுக்கு வந்து சேர வேண்டாமா! 1890களில் அதை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி; அவர் பெயரை 1922இல் வைத்தார்கள்.

இதை ஏரி என்று எழுதலாமா? கூடாது என்பேன். ஏரி என்றால் மதகு, மடை, அதற்குக் கீழே ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல். செம்பரம்பாக்கமும் புழலும் பாசன ஏரிகளாக இருந்து பிறகு சென்னைக்குக் குடிநீர் தர வந்தவை, அதனால் ஏரி என்ற பெயர் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. பூண்டி அப்படியல்ல. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே சென்னையின் குடிநீருக்கென்றே கட்டி 1944இல் முடித்தது, ஆகவே பூண்டி நீர்த்தேக்கம். மேயராக இருந்து அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் நினைவாக 'சத்தியமூர்த்தி சாகர்' என்றும் பெயர் உண்டு. சாகரம் என்றால் கடல். நன்னீருக்குக் கடல் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அணை என்பதும் வேறு: அணை தடுக்கும் சுவர், நீர்த்தேக்கம் அதன் பின்னால் நிற்கும் நீர். பேச்சில் இரண்டையும் 'டேம்' என்று சொல்லிவிடுகிறோம். எழுத்தில் பிரித்துச் சொல்வது நல்லது.

குடிநீருக்கென்றே நம்மிடம் ஒரு பழஞ்சொல் இருக்கிறது: ஊருணி. ஊர் உண்ணும் நீர்நிலை. பழந்தமிழில் தண்ணீரையும் 'உண்பார்கள்'. கலித்தொகையில் தாய் மகளிடம் வந்தவனுக்கு 'உண்ணுநீர்' கொடுத்துவரச் சொல்கிறாள். 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்று குறள் சொல்வதும் இதைத்தான். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் இன்றும் ஊருணிகள் உண்டு. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுப் படியிறங்கி, குடத்தால் மேல்நீரை மெல்ல விலக்கி மொள்வார்கள். குளிக்க, துணி துவைக்க, மாடுகளைத் தண்ணீரில் இறக்க வேறு குளம். மெக்ரிட்சியில் நீந்தக் கூடாது என்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: குடிக்கிற தண்ணீர்.

அதற்காக மெக்ரிட்சியை ஊருணி என்று மாற்றச் சொல்லவில்லை. ஊருணி ஒரு சிற்றூருக்கானது. மழைநீர் வந்து சேரும், ஆட்கள் இறங்கி மொள்வார்கள். நகர நீர்த்தேக்கத்து நீர் சுத்திகரிப்பு நிலையம் போய்க் குழாயில் வரும். ஆனால் ஊர்ப்புறத்தில் குடிநீருக்கென்று ஒரு குளம் வெட்டும்போது, பலகையில் 'குடிநீர் ரிசர்வாயர்' என்று எழுதுவதைவிட ஊருணி என்று எழுதலாமே.

இன்னொரு குழப்பமும் உண்டு. சுத்திகரித்த நீரைக் குழாயில் விடுவதற்கு முன் சேர்த்துவைக்கும் கட்டுமானத்தையும் ஆங்கிலத்தில் ரிசர்வாயர் என்றே சொல்வார்கள். அது உயரத்தில் கட்டிய தொட்டியாக இருந்தால் 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்று தமிழ்நாட்டு ஊராட்சிகள் எழுதுகின்றன, நல்ல பெயர். அப்புறம், மழை விழுந்து நீர்த்தேக்கத்துக்கு ஓடிவரும் நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. சிங்கப்பூரில் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் அப்படிப்பட்டது.

எழுதும்போது 'நீர்த்தேக்கம்' என்று த் போட்டுச் சேர்த்தே எழுதுங்கள். 'சாலையில் நீர் தேக்கம்' என்று செய்தியில் வருவது மழைக்குப் பின் தானாகத் தேங்கிய தண்ணீர். அங்கே 'நீர் தேங்கியது' என்றால் போதும்.