ஆயாம்மாவுக்குத் தீபாவளிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சில வருடங்களுக்கு முன், தீபாவளி நெருங்கிய ஒரு வாரத்தில், எங்கள் காப்பகத்தில் ஒரு குழந்தையைக் கூட்டிப்போக அம்மாவுக்குப் பதில் பாட்டி வந்தார். மறுநாளும் பாட்டிதான். மூன்றாம் நாள் நானே போன் போட்டேன். "ஒண்ணுமில்லீங்க மேடம், கடையில வேலை" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் பேசிய பிறகுதான் விஷயம் வந்தது. "குரூப்புல எல்லாரும் ஆயிரம் ஆயிரமா போட்டிருக்காங்க. என் பேருக்கு நேரா மட்டும் காலியா இருக்குதுங்க. ஆயாம்மா மூஞ்சிய எப்படிங்க பாக்கிறது?"

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆயாக்களுக்காகப் பணம் திரட்டியிருந்தார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் பெயர், தொகை, கொடுத்தாயிற்று என்பதற்கு ஒரு டிக் என்று பட்டியலே போட்டுவிட்டார். அந்த அம்மா ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். சம்பளம் 14,000. அதில் 4,000 எங்களுக்கே கட்டுகிறார். மீதியில் வாடகை, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, பெரியவனுக்கு ஸ்கூல் வேன். அவர் மூன்று நாள் சொந்தக் குழந்தையைக் கூட்டிப்போக வராமல் இருந்ததற்கு அந்தப் பட்டியல்தான் காரணம். அதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கோவையில் 14 வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். புரட்டாசி பிறந்தால் "எவ்வளவுங்க கொடுக்கிறது?" என்ற கேள்வி வந்துவிடும். இதை அதிகம் கேட்பவர்கள் கையில் காசு குறைவாக உள்ளவர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு விதமான ஆயாக்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து காலை முதல் மாலை வரை குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். அவருக்கு நீங்கள்தான் முதலாளி. காப்பகத்தில் வேலை செய்பவருக்குச் சம்பளமும் போனஸும் கொடுக்க வேண்டியது என்னைப் போன்றவர்கள். அங்கே பெற்றோர் கொடுப்பது அன்பளிப்பு மட்டுமே. இந்த வித்தியாசம் புரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காப்பக ஆயாவுக்கு நூறு ரூபாய் கொடுத்தாலும் சரி, ஒன்றுமே கொடுக்க முடியாவிட்டாலும் சரி, நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. அங்கன்வாடியில் இருப்பவர்கள் அரசு கொடுக்கும் சம்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அங்கே காசுக் கவர் நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

வீட்டு ஆயாவின் கதை வேறு. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். மில் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்பாவுக்குப் போனஸ் வந்தால்தான் வீட்டில் பட்டாசு. 1965-ல் வந்த போனஸ் சட்டத்தில் பிறகு நிர்ணயமான குறைந்தபட்ச அளவு, வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளக் கணக்கு. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விகிதம்தான். ஆனால் அது 20 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு. உங்கள் வீட்டில் வேலை செய்பவர் ஒரே ஒருவர். சட்டம் அவர் பக்கம் எட்டிப் பார்க்காது. அவருக்குக் கிடைப்பது முழுக்க உங்கள் மனதைப் பொறுத்தது.

பட்ஜெட் இறுக்கமாக இருக்கும் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. குறைவாகக் கொடுப்பதைச் சொல்லவில்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறோம், "நீங்க வர வேண்டாங்க்கா" என்கிறோம். அடுத்த மாதம் அந்த நான்கு நாளைச் சம்பளத்தில் கழித்துவிடுகிறோம். ஆயாவுக்கு மாதம் 9,000 என்றால் நாளுக்கு 300. நான்கு நாளுக்கு 1,200 போயிற்று. கையில் கொடுத்த தீபாவளிக் காசோ 1,000. கணக்குப் பார்த்தால் பண்டிகை மாதத்தில் அவருக்கு 200 ரூபாய் நஷ்டம். அவர் கேட்டு லீவு எடுக்கவில்லை, நாம்தான் வர வேண்டாம் என்றோம்.

அட்வான்ஸும் இப்படித்தான். ஆடியில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு 5,000 வாங்கியிருப்பார். தீபாவளி வந்ததும் "போனஸ் 3,000, அதை அட்வான்ஸுல கழிச்சுக்கிட்டேன், இன்னும் 2,000 இருக்கு" என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டிலும் புதுத்துணிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அட்வான்ஸை ஜனவரியிலிருந்து மாதம் 500 வீதம் பிடித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் காசை அதில் சேர்க்காதீர்கள்.

ஆகவே கையில் ஒன்றுமே இல்லை என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எதையும் கழிக்காதீர்கள் என்பதுதான். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாட்களுக்கும் சம்பளம் போடுங்கள். புதிதாக ஒரு ரூபாய் தேட வேண்டாம், அவருக்கு 1,200 மிச்சம்.

அடுத்தது, எப்போது கொடுக்கிறோம் என்பது. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், கிளம்பும்போது கவரைக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதற்கு மேல் அவர் ஒப்பணக்காரத் தெருத் துணிக்கடைகளுக்குப் போய், அந்தக் கூட்டத்தில் நீந்தி, மிச்சம் மீதி சைஸில் பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே வார வட்டிக்கு வாங்கியிருப்பார். 10,000 என்று எழுதி, 8,500-ஐக் கையில் கொடுத்து, வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் வாங்குவார்கள். எங்கள் ஆயா ஒருவர் தை மாதம் வரை அப்படிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் முன்பே நீங்கள் கொடுக்கும் 1,000 அந்தக் கடனை அந்த அளவுக்குக் குறைக்கிறது. கடைசி நாளில் வரும் 2,000-ஐ விட இதுவே பெரிது என்று எங்கள் ஆயாக்களே சொல்லியிருக்கிறார்கள்.

குறைத்துக் கொடுப்பதாக இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். "இந்த வருஷம் முழுச் சம்பளம் முடியாதுங்க்கா. பாதி இப்பக் குடுத்துடறேன், மீதி பொங்கலுக்கு." இவ்வளவு போதும். அவரும் அதற்கேற்பத் திட்டம் போட்டுக்கொள்வார். ஆனால் பொங்கலுக்கு என்றால் பொங்கலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் நினைவுபடுத்தமாட்டார், எங்காவது எழுதி வையுங்கள்.

யாருக்கு எந்தப் பண்டிகை என்றும் கேளுங்கள். எங்களிடம் இருக்கும் ஆறு பேரில் இருவர் கிறிஸ்தவர்கள், ஒருவர் இஸ்லாமியர். பல வருடம் எல்லோருக்கும் தீபாவளிக்கே கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒருவர்தான் தயங்கித் தயங்கி, "எனக்கு டிசம்பர்ல குடுத்தா உதவியா இருக்குங்க" என்றார். நாங்களாகவே முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பணமா, பொருளா என்று கேட்டால் என் பதில் பணம்தான். புடவை எடுத்துக் கொடுப்பதில் நமக்கு ஒரு நிறைவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜாக்கெட் தைக்கும் கூலி அவர் கையிலிருந்து போகும். ஸ்வீட் பாக்ஸ் நான்கு வீட்டிலிருந்து நான்கு வந்து சேரும், அதில் பாதியை அவர் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார். கால் கிலோ ஸ்வீட் மரியாதைக்குப் போதும். மிச்சத்தைக் கவரில் போடுங்கள். நம் வீட்டுப் பழைய துணியைக் கொடுப்பதில் தவறில்லை, நல்ல நிலையில் இருந்தால் பலர் விரும்பி வாங்கிக்கொள்வார்கள். அதைப் பண்டிகை அன்றைக்கு, போனஸ் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொடுக்காதீர்கள்.

காசு இல்லாதவர்கள் கொடுக்கக்கூடியதில் நான் பெரிதாக மதிப்பது உங்கள் நேரத்தை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு உதவித்தொகை உண்டு. 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆன்லைனில் ஏற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. நமக்கு எளிது, அவருக்கு மலை. எங்கள் ஆயாக்களுக்கு இதைச் செய்து கொடுத்தது ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அப்பா. வீட்டுக்கடன் தவணை போக அந்த வருடம் அவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

456 ரூபாய் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். வங்கிக் கணக்கு மூலம் சேரும் மத்திய அரசுக் காப்பீடுகள் இரண்டு. விபத்துக்கான சுரக்ஷா பீமாவுக்கு வருடம் 20 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும் ஜீவன் ஜோதிக்கு 436 ரூபாய், இதில் 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள்தான் சேர முடியும். இரண்டிலும் காப்புத் தொகை 2 லட்சம். கணக்கு ஜூன் முதல் மே வரை ஓடும். மே கடைசியில் அடுத்த வருடத்துக்கான பணத்தை வங்கியே எடுத்துக்கொள்ளும், அப்போது கணக்கில் காசு இருக்க வேண்டும். மே மாதச் சம்பளத்தோடு அந்த 456-ஐச் சேர்த்துக் கொடுத்து ஞாபகப்படுத்துங்கள்.

ஒரு போட்டோவும் கொடுக்கலாம். எங்கள் மூத்த ஆயாம்மாவின் பர்ஸில் ஒரு படம் இருக்கிறது. ஒன்றரை வயதுப் பையன், இட்லி அப்பிய முகம், அவர் மடியில். அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். தான் வளர்த்த எத்தனையோ பிள்ளைகளில் அவரிடம் இருப்பது அந்த ஒரே படம்தான். நம் போனில் ஆயிரம் படம் இருக்கிறது, உங்கள் ஆயாவிடம் ஒன்றுகூட இருக்காது. ஒரு பிரிண்டுக்கு என்ன ஆகிவிடப்போகிறது? அவரும் குழந்தையும் சேர்ந்திருக்கும் படமாகப் பார்த்து எடுங்கள்.

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. போன வருடம் அக்டோபர் 20-ல் வந்து எல்லோரையும் மாத நடுவில் கையைப் பிசைய வைத்தது. இந்த முறை ஒன்றாம் தேதிச் சம்பளம் வந்து ஒரு வாரத்தில் வருகிறது. ஆனால் அந்தச் சம்பளத்துக்குக் காத்திருந்தால் ஆயாவுக்குத் தாமதம்தான். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று மூன்று மாதம் 500 எடுத்து வைத்தால் 1,500. தீபாவளிச் சீட்டு போட நமக்குத் தெரியாதா என்ன? அதில் ஒரு சீட்டு ஆயாவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காப்பகத்தில் வாட்ஸ்அப் வசூலை நிறுத்திவிட்டோம். உள்ளே நுழைந்ததும் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒரு உண்டியல் வைக்கிறோம். பெயர் எழுதாத கவர் போடலாம், வெறும் நோட்டும் போடலாம், போடாமலும் போகலாம். யார் போட்டார்கள் என்று எனக்கும் தெரியாது. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள் மட்டும் இல்லாமல், சமைக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று ஆறு பேருக்கும் சமமாகப் பிரிக்கிறோம். டிசம்பருக்கும் ரம்ஜானுக்கும் கேட்டவர்களின் பங்கைத் தனிக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, பீரோவில் வைத்துவிடுகிறேன். அந்த அம்மா இப்போது தினமும் அவரே வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறார். இந்த வருடம் அக்டோபர் 24, சனிக்கிழமை உண்டியலைத் திறக்கிறோம்.