நிரந்தரவாச விண்ணப்பத்தில் மகன் பெயரை எழுதும் முன்

சென்ற ஆண்டு ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்து, பழுப்பு உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். பதினாறரை வயதை எட்டிய அவருடைய மகனைத் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைச்சேவைக்கு, பதிவு செய்துகொள்ளச் சொல்லிச் சிங்கப்பூர்த் தற்காப்பு அமைச்சு அனுப்பிய கடிதம் அது. "எறும்பைக்கூட மிதிக்காத பிள்ளை சார், துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்கிறான். மனசுக்கு ஒப்பவில்லை என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களா?" என்று கேட்டார். விடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. ஏன் என்று விளக்கத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று.

இங்கே கட்டாயச் சேவைக்கு எதிர்ப்பே எழுந்ததில்லை என்று நினைப்பது தவறு. 1954 மே 13 அன்று, பிரிட்டிஷ் அரசின் தேசிய சேவைச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட சீனப்பள்ளி மாணவர்கள் காவல்துறையினருடன் மோதினார்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் 1967இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நிலைத்துவிட்டது. வேலை நிமித்தம் வந்து நிரந்தரவாசியாகும் தந்தைக்கு இதில் விலக்கு உண்டு. அவருடைய விண்ணப்பத்தின்வழி நிரந்தரவாசியாகும் மகனுக்கு இல்லை. நம்மவர்களில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

மனச்சாட்சியின் பேரில் மறுப்பதை இச்சட்டம் ஒரு காரணமாகவே ஏற்பதில்லை. ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறிஸ்தவச் சமயப் பிரிவான யெகோவாவின் சாட்சிகள் சங்கத்தின் பதிவு 1972இல் ரத்து செய்யப்பட்டதற்கு, அவர்கள் படைச்சேவையை மறுத்ததே முதன்மைக் காரணம். அச்சமய இளைஞர்கள் இன்றும் மறுத்து, வழக்கமாக இரு தவணைகளில் மொத்தம் 39 மாதங்கள் இராணுவத் தடுப்புக்காவலில் கழிக்கிறார்கள். முழுநேரச் சேவையே இரண்டு ஆண்டுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். சிறிய நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வட கொரியாவை எல்லையில் வைத்திருக்கும் தென் கொரியாவிலேயே, 2018ஆம் ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக, மறுப்பவர்களுக்குச் சிறைச்சாலைகளில் 36 மாத மாற்றுச்சேவை 2020 முதல் நடைமுறைக்கு வந்தது. அது நீளம் என்ற குறை இருந்தாலும், மறுப்பவன் அங்கே குற்றவாளி ஆவதில்லை. அந்த அளவுக்காவது இங்கும் சட்டம் இறங்கி வரவேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை, பையனைத் திருச்சியில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டால் விவகாரம் ஓய்ந்துவிடும் என்று எண்ணுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. பதின்மூன்று வயதுக்குப்பின் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க எக்ஸிட் பெர்மிட் எனும் அரசு அனுமதி வேண்டும். நீண்ட காலத்துக்கு என்றால், 75,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது பெற்றோரின் கூட்டு ஆண்டு வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அதற்குப் பிணை கேட்பார்கள். சட்டத்தை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எத்தனை ஆண்டுகள் தவிர்த்தாரோ அதற்கேற்பத் தண்டனை கூடும் என்று உயர் நீதிமன்றம் 2017இல் வரையறுத்திருக்கிறது. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தாலோ, பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகக் கணக்கில் எடுக்கப்படும்.

ஆகவே, மகனையும் சேர்த்து விண்ணப்பிப்பதா, மாணவர் அனுமதியிலேயே விடுவதா என்று வீட்டில் பேசவேண்டிய நேரம், கையெழுத்திடுவதற்கு முந்தைய இரவுதான். என்னிடம் வந்த தாயின் மகன் பெயர் விண்ணப்பத்தில் ஏறியபோது அவனுக்கு வயது நான்கு. தீயணைப்பும் ஆம்புலன்சும் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படைக்கு அனுப்பும்படி அவன் விருப்பத்தைத் தெரிவித்து ஒரு கடிதம் எழுதினோம். கிடைக்கும் என்று அந்தத் தாய்க்கு நான் உறுதி சொல்லவில்லை.