5,000 பெட்டிகளில் போன கப்பல்

'கப்பலைக் கழற்றி ரயிலில் ஏற்றி வேறு இடத்தில் பூட்டினார்கள் என்கிறீர்களே, தண்ணீர் உள்ளே வராதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அந்தக் கப்பல் 'கிராஃப் கோட்சன்'. 1913-ல் ஜெர்மனியின் பாப்பன்பர்க் ஊரில், மேயர் கப்பல் கட்டும் தளத்தில் உருவான நீராவிக் கப்பல். நீளம் சுமார் 71 மீட்டர். ஓட வேண்டியதோ ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில். கடலிலிருந்து அங்கே போக நீர்வழி கிடையாது. அதனால் பாகம் பாகமாகக் கழற்றி, 5,000 பெட்டிகளில் அடைத்து, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ரயிலில் ஏரிக்கரையிலுள்ள கிகோமா. மேயர் தளத்தைச் சேர்ந்த அன்டன் ரூட்டரும் இன்னும் இரண்டு ஆட்களும் கூடவே போனார்கள்.

சரி, தண்ணீர் ஏன் வரவில்லை? அந்தக் காலத்தில் கப்பல் தகடுகளை இணைக்க வெல்டிங் கிடையாது, ரிவிட் என்னும் தலையுள்ள ஆணிதான். இந்த வேலையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சிய இரும்பு வளையத்தை மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ரிவிட்டிலும் அதேதான். உலையில் சிவக்கக் காய்ந்த ஆணியை இரண்டு தகடுகளின் துளை வழியே நுழைத்து, ஒருவர் தலைப்பக்கம் முட்டுக் கொடுக்க, மற்றவர் மறுமுனையை அடித்துக் கொண்டையாக்குவார். அடியோடு வேலை முடிவதில்லை. ஆறும்போதுதான் உண்மையான இறுக்கமே வருகிறது. 25 மில்லிமீட்டர் எஃகு 900 டிகிரியிலிருந்து ஆறினால் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்க வேண்டும். நடுவில் தகடுகள் இருப்பதால் அதற்கு வழியில்லை. சுருங்க முடியாத ஆணி விறைத்து நின்று, தகடுகளை ஒன்றோடொன்று நெரிக்கிறது. தகடுகள் நழுவாமல் இருப்பது பெரும்பாலும் இந்த நெரிப்பால் வரும் உராய்வினால்தான். அப்புறம் தகட்டின் விளிம்பை மழுங்கிய உளியால் அடித்து, கீழ்த் தகட்டோடு நசுங்கிப் படியச் செய்வார்கள். தண்ணீரை அடைப்பது அந்த விளிம்பு.

நம் பொறியியல் கல்லூரிகளில் ரிவிட் என்பது தேர்வுக்கான சூத்திரம் மட்டுமே. ஒவ்வொரு மாணவரும் பட்டறையில் ஒரு சூடான ரிவிட்டாவது அடிக்க வேண்டும். அதற்கான செலவு வீண்செலவல்ல.

1915 பிப்ரவரியில் கப்பல் ஏரியில் இறங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில், முதல் உலகப் போரின் நடுவே, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். அதற்குமுன் எந்திரங்களில் கெட்டியாக கிரீஸ் பூசி வைத்தார்கள். 1924-ல் ஆங்கிலேயர்கள் தூக்கியபோது எந்திரமும் கொதிகலனும் பயன்படும் நிலையில் இருந்தன. 1927-ல் 'லியம்பா' என்ற புதுப் பெயரோடு அதே ஏரியில் மறுபடி ஓடத் தொடங்கியது.