அடுக்குமாடியில் தீ அணைந்த பிறகு: புகை, தூக்கம், லிஃப்ட், துக்கம் விசாரிப்பு

தீயணைப்பு வண்டி கிளம்பியதும் அடுக்குமாடியில் இரண்டு வகைக் குடும்பங்கள் மிஞ்சும். வீடு எரிந்தவர்கள் ஒரு வகை. வீட்டில் ஒரு கரிப்புள்ளிகூட விழாமல், கரண்ட் போன படிக்கட்டில் புகைக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மாடி இறங்கி வந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு உதவி தேடி வரும். இரண்டாம் வகையினர் "நமக்கு ஒண்ணும் ஆகலையே, அவங்க நிலைமையைப் பாரு" என்று தங்களையே அடக்கிக்கொள்வார்கள். ஆறு வாரம் கழித்துத் தூக்கமில்லை, லிஃப்டில் கால் வைக்க முடியவில்லை என்று மருத்துவரிடம் வருபவர்களில் இவர்களும் உண்டு.

லண்டனின் கிரென்ஃபெல் டவர் தீ இதைப் பெரிய அளவில் காட்டியது. 2017 ஜூன் 14 அதிகாலையில் நான்காம் மாடிச் சமையலறை ஃபிரிட்ஜில் பிடித்த தீ, வெளிச்சுவரில் பதித்திருந்த அலுமினியத் தகடுகளின் நடுவிலிருந்த பாலிஎத்திலீன் வழியாக 24 மாடிக் கட்டடம் முழுக்கப் பரவியது. 72 பேர் இறந்தார்கள். பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவை, ஆட்கள் கிளினிக்குக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தூக்கம், கெட்ட கனவு, பதற்றம் பற்றிக் கேட்டார்கள். டவரில் குடியிருந்தவர்களோடு, எதிர் ஜன்னலில் நின்று பார்த்தவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். நம் ஊரில் யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. அந்த வேலையைக் குடும்பமும் குடியிருப்போர் சங்கமும்தான் செய்தாக வேண்டும்.

மனசைப் பார்ப்பதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். மூக்கில் கரி, கம்மிய குரல், கறுப்புச் சளி, விழுங்கும்போது வலி, இதில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுவாசப் பாதை வீக்கம் ஒரு நாள் கழித்துக்கூடக் கூடும். புகையில் மாட்டிய கர்ப்பிணிகள், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். வீட்டில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். புகையிலுள்ள விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே எண்ணிக் காட்டும். உண்மை நிலையைச் சொல்வது கார்பாக்ஸிஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனைதான்.

இன்னொன்று அடிக்கடி தவறவிடப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு பாதித்த சிலருக்கு, நன்றாகத் தேறிய பிறகு, சில நாள் முதல் ஐந்தாறு வாரத்துக்குள் மறதி, தடுமாறும் நடை, சிறுநீர் அடக்க முடியாமை, ஆளே மாறிப்போன மாதிரி ஒரு மந்தம் வரலாம். "அதிர்ச்சியில இப்படி இருக்கார்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது அதிர்ச்சி இல்லை, மூளை பாதிப்பு. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போய், தீ விபத்து நடந்த தேதியை முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது, தங்கியிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு வரும் விசாரிப்பு. பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருபவர்கள் அத்தனை பேரும் கேட்கும் முதல் கேள்வி "எப்படி ஆச்சு?". நாலு நாளில் முப்பது தடவை அதே கதை. அன்பினால்தான் கேட்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தப் படிக்கட்டில் மறுபடி இறங்குவது சொல்பவர்தான். பேரிடர் நடந்த ஓரிரு நாளில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லும் முறை ஒரு காலத்தில் மனநலத் துறையிலேயே இருந்தது. அதனால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று தெரிந்த பிறகு, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில் அதைச் செய்ய வேண்டாம் என்றே எழுதியது.

தானாகப் பேச வருபவரைத் தடுக்காதீர்கள், பேசாதவரைத் தோண்டாதீர்கள். நடைமுறையில், அந்த இரவு தீயில் மாட்டாத ஒருவரை, பெரும்பாலும் ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ, விசாரிப்புக்குப் பொறுப்பாக்கி விடலாம். வருபவர்களிடம் அவர் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லி முடித்துவிடட்டும். ஏதாவது செய்ய வேண்டும் என்று நிற்பவரிடம் வேலை கொடுங்கள்: அம்மாவின் பிரஷர், சுகர், தைராய்டு மாத்திரை வாங்கி வருவது, பிள்ளைக்கு யூனிஃபார்ம், தாத்தாவுக்கு மூக்குக்கண்ணாடி. முதியவர்களுக்குக் கண்ணாடி, பல்செட், காதுக்கருவி மூன்றும் முதல் இரண்டு நாளுக்குள் திரும்பக் கிடைத்தால், புது இடத்தில் வரும் இரவுக் குழப்பம் பெரிதும் குறையும்.

வாட்ஸ்அப் வீடியோவும் விசாரிப்பு மாதிரிதான். எரியும் பால்கனியைப் பல கோணத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது பதற்றத்தை வளர்க்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் இதை ரகசியமாகச் செய்வார்கள். போனைப் பிடுங்குவதைவிட, கூட உட்கார்ந்து "இதைப் பார்த்தா ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்பது வேலை செய்யும்.

முதல் வாரத்தில் தூக்கம் கெடுவது, சத்தத்துக்குத் துள்ளி எழுவது, எரிச்சல், காரணமில்லாத அழுகை, இவை நோய் அல்ல. பலருக்குத் தானே அடங்கும். "தூங்க ஒரு மாத்திரை" என்று பக்கத்து வீட்டு டயசிபாம், அல்பிரசோலம் வாங்கிப் போடுவதுதான் தப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 பரிந்துரையே, அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இந்த வகை மாத்திரை வேண்டாம் என்கிறது. மதுவும் அப்படியே. சாயங்காலத்துக்கு மேல் காபியை நிறுத்துவதும், தினமும் ஒரே நேரத்துக்கு எழுவதும் கேட்கச் சாதாரணம், பலன் அதிகம்.

குழந்தைகளிடம் வேறு மாதிரி தெரியும். படுக்கை நனைப்பது, அம்மாவை விட்டு அகலாதது, பொம்மை வீட்டைத் திரும்பத் திரும்ப "எரிப்பது". அந்த விளையாட்டைத் தடுக்க வேண்டாம். கதையில் தீயணைப்பு வண்டி வந்து சேர்கிறதா, ஆட்கள் வெளியே வருகிறார்களா என்று பாருங்கள். வாரக் கணக்கில் முடிவே இல்லாமல் சுற்றினால் உதவி தேவை. பள்ளிக்கூடத்தை முடிந்தவரை சீக்கிரம் தொடங்கிவிடுங்கள், வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டு. யாராவது இறந்திருந்தால் "செத்துப்போயிட்டாங்க, இனி வர மாட்டாங்க" என்றே சொல்ல வேண்டும். "தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும். உடலை அடையாளம் காணும் டிஎன்ஏ முடிவுக்காகக் காரியம் தள்ளிப்போகும் வீடுகளில் துக்கம் அந்தரத்தில் நிற்கும். அங்கே போலீசிடமும் மருத்துவமனையிடமும் பேச ஒரே ஆள் இருப்பது நல்லது. ஆளுக்கொரு தகவல் வந்தால் வீடு உடைந்துவிடும்.

வீடு திரும்புவதைப் படிப்படியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பெரியவர்கள் இருவர் மட்டும், பகலில், அரை மணி நேரம், ஒரே ஒரு வேலையோடு. எதையும் துடைப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வயரிங்கைச் சோதிக்கும்வரை மெயின் சுவிட்ச் வேண்டாம், ஃபில்டர் சுத்தமாகும்வரை ஏசி வேண்டாம். கரியைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் கிளம்பும். என்95 மாஸ்க், கையுறை போட்டு ஒற்றி எடுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். சூடுபட்ட மருந்து, திறந்திருந்த மளிகை, மேக்கப் சாமான் எல்லாம் குப்பைக்கு. பிள்ளைகளுக்கு முதலில் போட்டோவைக் காட்டிவிட்டுப் பிறகு அழைத்து வாருங்கள். கிரென்ஃபெல்லில் எரிந்த கட்டடத்தைப் பின்னர் வெள்ளைத் திரையால் மூடினார்கள். இங்கே கறுத்த சுவர் பழுதுபார்க்கும்வரை மாதக் கணக்கில் அப்படியே நிற்கும். தார்ப்பாலின் வாங்கச் சங்கத்துக்கு என்ன செலவாகிவிடும்?

வாசனைதான் கடைசிவரை விடாது. தாளிக்கும் மிளகாய்ப் புகை, பூஜை கற்பூரம், தீபாவளி மத்தாப்பு, எது வேண்டுமானாலும் அந்த இரவைக் கொண்டுவரும். கற்பூரத்தை நிரந்தரமாக நிறுத்திவிடுவது தீர்வல்ல, ஜன்னலைத் திறந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, சின்னதாக ஏற்றுங்கள். லிஃப்டும் அப்படித்தான். தீ எரியும்போது லிஃப்ட் கூடாது என்ற சரியான பாடம், மற்ற நாளிலும் லிஃப்ட் கூடாது என்று மனசில் பதிந்துவிடுகிறது. துணையோடு இரண்டு மாடி, பதற்றம் பாதியாகக் குறையும்வரை அதையே திரும்பத் திரும்ப, பிறகு ஐந்து மாடி, பிறகு தனியாக. பாதியில் ஓடிவந்தால் பயம் கெட்டிப்படும். சங்கம் அலாரம் சோதிப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே நேரத்தை அறிவிக்கட்டும்.

தீ தொடங்கிய வீட்டுக்காரர் நிலைதான் எல்லாரையும்விட மோசம். விசாரணை அறிக்கை வருவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சங்கச் செயலாளர் அந்த உரையாடலை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

பண விஷயம் சுருக்கமாக: வீட்டுக்கடன் எடுத்தபோதே வங்கி காப்பீடு போட்டிருக்கலாம், கேளுங்கள். பாரத் கிருக ரக்‌ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் மாற்று வீட்டு வாடகைக்கும் இடமுண்டு. எரிந்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, அந்த இரவு திடீரென்று கண் முன்னால் வருவது, அந்த இடத்தைத் தவிர்ப்பது தொடர்ந்தால், அல்லது அதற்கு முன்பே வாழ வேண்டாம் என்ற பேச்சு வந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதிர்ச்சி நினைவுக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண்ணை இருபுறமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் ஈஎம்டிஆர் சிகிச்சை இரண்டும் நிரூபணமானவை. "டிராமாவுக்குப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?" என்று கேட்பதில் தவறில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை இரவு ஷிஃப்டில் மேலே ஓடி ஒவ்வொரு கதவாகத் தட்டிய வாட்ச்மேனுக்கும் எழுதிக் கொடுங்கள். அவருக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட் மாற்றித் தருவது சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.